ஒன்றரைக் கட்டை கீழே

காதுதான் எனக்குச் சோறு போட்டது. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஐந்தாறு வருஷம் கழித்து மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளியூர் அழைப்புகளை இணைக்கிற பலகை முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வீட்டுக்குக் கிளம்புகிற வரை யார் யாருடைய குரலோ காதுக்குள் வந்துபோகும். குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவேன். இவருக்கு ஐம்பது வயது, இவர் இன்னும் பசியாறவில்லை, இவர் பெண்டாட்டியிடம் பொய் சொல்லப்போகிறார் என்றெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ட்ரங்க் கால் ஒன்றுக்கு மூன்று நிமிஷம். அது முடியும்போது நாங்கள் குறுக்கே வந்து சொல்லவேண்டும். மேசையில் கடிகாரம் உண்டு. ஒரு வருஷத்தில் எனக்கு அந்தக் கடிகாரம் தேவைப்படாமல் போய்விட்டது. மூன்று நிமிஷம் என்றால் என் உடம்புக்கே தெரியும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் நான் ஏமாந்திருந்தேன். அதை ஊருக்கும் எழுதித் தெரியப்படுத்தினேன்.

அப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர். அங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்த ஓர் அமெரிக்க நர்ஸ் ஊருக்குத் திரும்பும்போது தன் ரெக்கார்ட் பிளேயரையும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். “இந்த ஊரில் இது சரியாக ஓடாது” என்று சொல்லியே கொடுத்தார். அமெரிக்காவில் கரண்ட் நூற்றுப்பத்து வோல்ட், நமக்கு இருநூற்று முப்பது. அதைத்தான் சொல்கிறார் என்று அப்பா எடுத்துக்கொண்டார். காஜா பெராங் ரோட்டில் ரேடியோ பழுது பார்க்கிற ஒருவரிடம் சொல்லி, செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் செய்து வாங்கி வந்தார். அதை நடுவில் மாட்டி பிளக்கைச் செருகியதும் தட்டு சுற்றியது.

“ஓடாதுன்னு சொன்னாளே, இப்ப பாரு” என்றார் அப்பா. ஒரு நோயாளியை எழுப்பி நடக்கவைத்த சந்தோஷம் அவர் முகத்தில்.

கைக்கு வந்த முதல் இசைத்தட்டை வைத்தேன். ஊசி இறங்கியது. அடுத்த நொடி மூவரும் பின்னால் நகர்ந்தோம். தகர டின்னை சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். அம்மா காதைப் பொத்திக்கொண்டு, “ஐயோ, நிறுத்துங்க, தீப்பிடிக்கப் போகுது” என்று கத்தினாள். அப்பா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று நினைத்தோம். தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. மறுபடி செருகினோம். மறுபடி அதே சத்தம். பிறகு அந்தச் சத்தத்துக்கு அடியில் டிரம் அடிக்கிறது கேட்டது. ஒரு மனிதர் பாடுவது கேட்டது. அப்போதுதான் புரிந்தது, அது கிட்டார். வேண்டுமென்றே அப்படி வாசிக்கிறார்கள்.

அன்று முழுவதும் அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. பாட்டு என்றால் இனிமை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்படியும் ஒரு கூட்டம் உட்கார்ந்து, யோசித்து, தட்டில் பதித்து, உறை போட்டு விற்பார்களா? மறுநாள் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக அதைத்தான் வைத்தேன்.

அந்தப் பெட்டியில் இருந்தவை ரேடியோவில் கேட்கிற பாட்டுகள் இல்லை. எங்கேயோ சின்ன ஊர்களில் சின்னக் கம்பெனிகள் வெளியிட்ட தட்டுகள். உறைகள்கூட மெல்லிய அட்டை. ஒன்றில் மழை நனைத்த ரோடும் ஒரு கரண்ட் கம்பமும் மட்டும் படமாக இருந்தன. பாடுகிறவர்கள் படம் இல்லை. பின்பக்கத்தில் ஐந்து பேரின் முதலெழுத்துகள் மட்டும். அந்தத் தட்டின் இரண்டாம் பக்கம் முதல் பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. பாடுகிறவர் குரல் தாழ்ந்து, நிதானமாக, எதையும் யாரிடமும் கேட்டு வாங்க விரும்பாதவர்போல இருக்கும். நாற்பது வயது, தனியாள், நிறைய ரோடுகள் பார்த்தவர் என்று என் காது சொன்னது. பாட்டு சரியாக மூன்று நிமிஷம். ஒரு ட்ரங்க் கால். லேபிளில் இரண்டு நிமிஷம் முப்பது வினாடி என்று அச்சடித்திருந்தது. சின்னக் கம்பெனி, அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன்.

கேட்டதையெல்லாம் பள்ளிக்கூட நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பிறகு ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் நேயர் பக்கத்துக்கு ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். போட்டுவிட்டார்கள். பேருக்குப் பதில் ‘ஒரு நேயர், காஜா பெராங்’ என்று இருந்தது. ஆங்கில கிட்டார் கோஷ்டிகளைப் பற்றித் தமிழில் அப்போது யாரும் எழுதவில்லை. அந்தப் புதுமைக்காகவே மாதம் ஒன்று கேட்டார்கள். நம் பிள்ளைகள் கெடுகிறார்கள், இதற்கு இடம் கொடுக்கலாமா என்று இரண்டு கடிதம் வந்ததாம். எழுதுகிறது ஒரு பெண் என்று தெரிந்திருந்தால் இருபது வந்திருக்கும்.

என் கருத்துகள் எதுவும் மழுப்பலாக இருக்காது. மழை ரோடு தட்டைப் பற்றி, “இந்த மனிதர் பாடுவதைக் கேட்டபின் மற்றவர்கள் பாடுவது சிறுபிள்ளை விளையாட்டு” என்று எழுதினேன். இருவர் மட்டும் பாடும் ஒரு தட்டைப் பற்றி, “இது பாட்டல்ல, கொட்டாவி. படுக்கையில் போட்டுக் கேட்கலாம்” என்று எழுதினேன். பாட்டே இல்லாமல் கிட்டார் மட்டும் வாசித்த ஒன்று எனக்குக் கடலுக்கு அடியில் கேட்பதுபோல இருந்தது. அதற்கு முழுப் பத்தி புகழ்ச்சி. சம்பளத்தில் நானே ஒன்று வாங்கினேன். மெல்லிய டை கட்டிய நான்கு இங்கிலாந்துக்காரர்கள். பண்டார் ஹிலிரில் இருந்த இசைத்தட்டுக் கடையில் கண்ணாடி அறைக்குள் போய்க் கேட்டுப் பார்த்து வாங்கலாம். அந்த அறையில் எப்போதும் ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு வெட்கம். உறையைப் பார்த்து வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு, “இவர்களுக்கு அவசரம் என்பதே கிடையாது. டிரம் அடிப்பவர் ஒவ்வொரு அடியையும் யோசித்து அடிக்கிறார்” என்று எழுதினேன். அந்த வரியை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் மூவாரிலிருந்து ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூட ஆசிரியர். பெரியவர்கள் சம்மதத்தோடு ஒரு தடவை டெலிபோனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. மெலிந்திருந்தது. என் காதுக்குள் மழை ரோட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்றேன்.

“என்னடி குறை?” என்றாள் அம்மா.

“குரல் சரியில்லைம்மா.”

அம்மா வாயில் கைவைத்தபடி நின்றாள். “குரலோடவா குடும்பம் நடத்தப்போற?”

அப்பா பிளேயரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்கிற ஒரு மலாக்காச் செட்டி குடும்பம். நெற்றியில் திருநீறு, கோயில் காரியமென்றால் எங்களுக்கு முன்னால் நிற்பார்கள், வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டுப் பையன், பையன் என்ன, இருபத்து மூன்று வயது, நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களை நகல் எடுக்கிற வேலை. ஒரு சனிக்கிழமை காலையில் கேட்டருகே வந்து நின்றான்.

“காக், அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுவீங்களா? சாலையில நின்னு கேட்டா சரியாப் பிடிபடல” என்றான் மலாயில்.

அக்கா என்பதற்கு அவர்கள் ‘காக்’ என்பார்கள். அம்மாவுக்கு அது காக்கையைக் கூப்பிடுவதுபோல இருக்கும். உள்ளே நின்று சிரித்தாள்.

அவன் கிட்டார் வாசிப்பான் என்று அன்றுதான் தெரியும். நான்கு பேர் கொண்ட கோஷ்டி வைத்திருந்தான். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் கிட்டாரோடு வருவான். வெளி வராந்தாவில் உட்கார்ந்து, ஊசியைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைக்கச் சொல்லி, ஒரு சுரம் விடாமல் எடுப்பான். வரைபடத்தில் ஆற்று வளைவை எப்படி எடுப்பானோ அப்படி. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. தட்டில் வருகிற ஒலி அவனுடைய கிட்டாரைவிடத் தாழ்ந்திருந்தது. தந்திகளைத் தளர்த்திக்கொண்டே போவான். தளர்ந்த தந்தி கட்டையில் பட்டுப் படபடக்கும்.

“அவங்க எப்படி காக் இப்படி வெச்சு வாசிக்கிறாங்க?”

“அவங்க கிட்டார் வேற மாதிரி இருக்கும் தம்பி. அமெரிக்காவுல செஞ்சது.”

“இது இங்கிலாந்து ஆளுங்க.”

“அங்கயும் அப்படித்தான் இருக்கும்” என்றேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

ஒரு தடவை அவன் வீட்டிலிருந்து பழைய தமிழ்ப் படத் தட்டு ஒன்று கொண்டுவந்தான். போட்டோம். பாடியவருக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல இருந்தது. அப்பா உள்ளேயிருந்தே, “இந்தியாத் தட்டெல்லாம் இந்த மெஷினுக்கு ஒத்துக்காது” என்று தீர்ப்புச் சொன்னார். நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

பண்டார் ஹிலிரில் ஒரு மண்டபத்தில் கிட்டார் கோஷ்டிகளுக்குப் போட்டி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். செட்டி வீட்டுத் தம்பியின் கோஷ்டி மூன்று பாட்டுக்குப் பேர் கொடுத்திருந்தது. இரண்டு, டை கட்டிய நால்வர் பாடியவை. மூன்றாவது என் மழை ரோட்டுப் பாட்டு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். நால்வருக்கும் ஒரே நிறச் சட்டை, அவன் அம்மா தைத்தது. எனக்கு ஏதோ என் பிள்ளைகள் மேடையேறுவதுபோலப் பெருமை.

இவர்களுக்கு முந்திய கோஷ்டி கிளேபாங்கிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஆரம்பித்த பாட்டைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஆட்கள் முதலில் வாசிக்கவிருந்த, டை கட்டிய நால்வரின் பாட்டு. அதே பாட்டு. ஆனால் துரத்துகிற நாயிடமிருந்து ஓடுவதுபோல வாசித்தார்கள். பாடியவன் உச்சிக்குப் போய்க் கத்தினான். ஐயோ பாவம், கொல்கிறார்களே என்று நினைத்தேன். அப்பாவிடம், “இவங்களுக்குப் பாட்டே தெரியலப்பா” என்றேன். ஆனால் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்து எங்கள் ஆட்கள். தம்பி கண்ணை மூடி, நால்வரும் பழகியபடி, அவசரமில்லாமல் ஆரம்பித்தார்கள்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். வேடிக்கை காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. “இன்னும் சோறு தின்னலையா?” என்று ஒருவன் மலாயில் கத்தினான். தளர்ந்த தந்திகள் ஒலிபெருக்கியில் தகரம்போல அதிர்ந்தன. தம்பி கண்ணைத் திறந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது பயம் இல்லை, வெட்கம் இல்லை. தன்னை எதற்காக அடிக்கிறார்கள் என்று தெரியாதவனின் முகம் அது. இரண்டாவது பாட்டும் அப்படியே போனது.

மூன்றாவது பாட்டுக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அதை அங்கே யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. முடிந்ததும் கொஞ்சம் கைதட்டல். அது எனக்கு ஆறுதலாக இல்லை, கோபத்தைத்தான் கிளப்பியது.

நேரே நடுவர் மேசைக்குப் போனேன். அப்பா, “வேணாம்மா” என்று கையைப் பிடித்தார். கேட்கவில்லை. நடுவராக இருந்தவர் போலீஸ் பேண்டில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை மீசை, தலையில் சொங்கோக் தொப்பி.

“ஐயா, அந்த கிளேபாங் ஆட்கள் பாட்டை ஓட ஓட விரட்டினாங்க. சரியா வாசிச்சது இவங்கதான். தட்டுல உள்ளது அப்படியே இருந்துச்சு” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடினார். “அந்தத் தட்டு என் வீட்டிலும் இருக்கு. விரட்டினது அவங்க இல்ல. அது அப்படித்தான். உங்க ஆளுங்க சுருதியில ஒன்றரைக் கட்டை கீழே வாசிச்சாங்க, வேகமும் அதே கணக்குக்குக் குறைஞ்சிருக்கு. எங்கே கத்துக்கிட்டாங்க?”

“எங்க வீட்டு மெஷின்ல.”

“ஒரு பாட்டை இறக்கி வாசிச்சா அது ரசனை. ரெண்டு பாட்டும் அதே அளவுக்கு இறங்கியிருந்தா அது மெஷின். எந்த நாட்டு மெஷின்?”

“அமெரிக்கா.”

“அடடா” என்றார். அங்கே கரண்ட் வினாடிக்கு அறுபது தரம் துடிக்குமாம், நம் ஊரில் ஐம்பது. வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிவிடும், துடிப்பை மாற்றாது. அந்தத் துடிப்பை வைத்துத்தான் மோட்டார் சுற்றுகிறது. ஆறு பங்கில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். “எத்தனை நாளாக் கேக்குறீங்க?” என்று கேட்டார்.

திரும்பினேன். பின்னால் தம்பி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. கிட்டாரை உறையில் போட்டு வெளியே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் மழை ரோட்டுத் தட்டை எடுத்தேன். சமையலறைக் கடிகாரத்தை எடுத்துவந்து வைத்தேன். லேபிளில் இரண்டு நிமிஷம் முப்பது. ஓடியது மூன்று நிமிஷம். அடுத்த பாட்டு, லேபிளில் இரண்டு நிமிஷம் ஐந்து வினாடி. ஓடியது இரண்டரை. மூன்று நிமிஷம் இருபது என்று போட்டிருந்தது நான்கு நிமிஷம் ஓடியது. எல்லாம் அதே கணக்கு. அச்சுப்பிழை இல்லை. ஒன்றரை வருஷமாகச் சரியான கணக்கு என் கண்முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். “நர்ஸம்மா சரியா ஓடாதுன்னுதானே சொன்னா. நான்தான் ஓடவே ஓடாதுன்னு எடுத்துக்கிட்டேன்” என்றார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்து, அந்தத் தட்டை ஒரு செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதான சீனர், என்னைத் தெரியும். “அறைக்குள்ள போய்க் கேட்கணும் அங்கிள்” என்றேன். உள்ளே இருந்த இரண்டு பேரை வெளியே அனுப்பிவிட்டு எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். முதன்முறையாக அந்தக் கண்ணாடி அறைக்குள் நின்றேன்.

இரண்டாம் பக்கம், முதல் பாட்டு. கிட்டார் வந்தது, வேகமாக, வெளிச்சமாக. அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். பிறகு அந்தக் குரல் வந்தது.

ஒரு பெண் பாடினாள்.

வேறு தட்டைப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு வெளியே கடைக்காரரைப் பார்த்தேன். அதே தட்டுதான் என்று அவர் தலையாட்டினார். அதே சொற்கள், நான் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்த அதே மூச்சு எடுக்கும் இடங்கள், மூன்றாவது அடியில் குரல் கொஞ்சம் உடைகிற அதே இடம். எல்லாம் அவர்தான். ஆனால் அவர் இல்லை. ஒரு பெண். கொஞ்சம் கனமான குரல்தான், ஆனாலும் பெண் குரல். என் காது இப்போது சொன்ன வயது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ. என்னைவிடச் சின்னவள்.

பாட்டு முடிவதற்குள் கதவைத் திறந்து வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடைக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். “உடம்பு சரியில்லையா?” என்றார். ஒரு ஆள் செத்துப்போன செய்தி கேட்டதுபோல இருந்தது எனக்கு. அந்த நாற்பது வயதுத் தனியாள் எங்கேயும் இல்லை. எங்கள் வீட்டு மேசைமேல் ஒரு மோட்டார் மெதுவாகச் சுற்றியதால் உண்டான ஆள். அவருக்காக நான் ஒரு மனிதரை வேண்டாம் என்றேன். அந்த ஆசிரியர் பேசியதும் டெலிபோனில்தான். டெலிபோன் எந்தக் குரலையும் மெலிதாக்கும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் அதைத்தானே கேட்கிறேன். தெரிந்தும் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். அதற்குள் அவருக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது. அதைப் பற்றி வீட்டில் நாங்கள் மறுபடி பேசியதில்லை.

கடையிலேயே பழுது பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். பிளேயரை அவரிடம் கொண்டுபோனதும், மோட்டாரின் தண்டுக்கு மெல்லிய பித்தளை உறை ஒன்று கடைந்து மாட்டினார். அது கொஞ்சம் தடித்ததும் தட்டு சரியான வேகத்துக்கு வந்துவிட்டது. மொத்தம் அரைமணி நேர வேலை.

அந்த வாரம் பத்திரிகைக்கு எழுதினேன். இதுவரை நான் எழுதிய அத்தனை கருத்தும் தவறான வேகத்தில் கேட்டு எழுதியவை, எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நேயர்கள் மன்னிக்கவேண்டும் என்று. காரணத்தையும் விளக்கினேன். போடமாட்டார்கள் என்று நினைத்தேன். போட்டார்கள், அதுவும் பக்கத்தின் உச்சியில். எக்ஸ்சேஞ்சில் யாருக்கும் எழுதியவள் நான் என்று தெரியாது. பக்கத்து நாற்காலிக்காரி அதைப் படித்துக் காட்டி, “யாரோ ஒரு செவிட்டுப் பொணம், பாரேன்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பத்து நாளில் பத்திரிகை வழியாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஜாசின் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒரு கிராணி எழுதியிருந்தார். என் பேச்சைக் கேட்டு அந்த டை கட்டிய நால்வரின் தட்டை வாங்கினாராம். நான் எழுதியதுபோல அது நிதானமாக இல்லை. நேயர் எழுதியது தவறாக இருக்காது, நம் மெஷின்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை பழுது பார்க்கக் கொடுத்தாராம். கடைசியில் தட்டு சுற்றும்போது ஓரத்தில் விரலை அழுத்தி, வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பழகிவிட்டாராம். “இப்போது விரலை எடுத்துவிட்டேன்” என்று முடித்திருந்தார். அதைப் படித்து எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நல்ல மெஷின் வைத்திருந்த மனிதர். நான் உறுதியாக எழுதியதால் அவர் தன் காதைச் சந்தேகப்பட்டிருக்கிறார். பத்திரிகையில் எழுதுவது இவ்வளவு தூரம் போகும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

எல்லாத் தட்டுகளையும் முதலிலிருந்து கேட்டேன். சிலவற்றில் எனக்கு நஷ்டம்தான். கடலுக்கு அடியில் வாசித்த அந்த கிட்டார், சரியான வேகத்தில் மோட்டார் சைக்கிள் மாதிரி பறந்தது. கடல் வற்றிவிட்டது. டை கட்டிய நால்வர் நல்ல பிள்ளைகள், சந்தோஷமான பிள்ளைகள், ஆனால் யோசிக்கிற பிள்ளைகள் இல்லை. கொட்டாவி என்று நான் கேலி செய்த அந்த இருவர்தான் என்னை அதிரவைத்தார்கள். அவர்கள் பாட்டில் அவ்வளவு துள்ளல் இருந்தது, ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் எடுத்துக்கொள்கிற விளையாட்டு இருந்தது. அவர்களிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு ஒரு கட்டுரை எழுதினேன்.

மழை ரோட்டுத் தட்டை மட்டும் ஒரு மாதம் தொடவில்லை. பிறகு ஒருநாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது வைத்தேன். நிதானம் என்று நான் நினைத்தது நிதானம் இல்லை. பிடிவாதம். ஒரு சின்னப் பெண் தன் குரலை உயர்த்தாமல், கெஞ்சாமல், அழகாக்க முயலாமல் பாடிக்கொண்டு போகிறாள். அப்படி ஒரு குரல் கேட்டபோது அது ஆணாகத்தான் இருக்கும் என்று என் காது முடிவுசெய்ததற்கு மோட்டார் மட்டும் காரணமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சம் உற்றுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு பெண் இப்படிப் பாடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி ஐந்து வாரம் வரவில்லை. ரோட்டில் பார்த்தால் சைக்கிளை மறுபக்கம் ஓட்டினான். குற்றம் என்னுடையதுதான். தந்தி படபடக்கிறது என்று அவன் காட்டியபோதெல்லாம் வாயை அடைத்தவள் நான். அவர்கள் வீட்டில் பொங்கலுக்கு முன்னோர் படையல் போட்ட மறுநாள், அவன் அக்கா ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்தாள். முப்பது வயதிருக்கும், பள்ளிக்கூட கேண்டீனில் வேலை. கேட்டுக்கு வெளியே தம்பி நின்றான்.

“உள்ள வா தம்பி” என்றேன்.

“மெஷின் சரியாகிடுச்சா காக்?”

“சரியாகிடுச்சு. என்னைத் திட்டணும்னா திட்டிடு.”

“ஆபீஸ்ல தப்பான வரைபடத்தை வெச்சு நகல் எடுத்தா, நகல் எடுத்தவனைத் திட்டமாட்டாங்க. வரைபடம் கொடுத்தவங்களைத்தான் திட்டுவாங்க” என்றான். சிரிக்காமல்தான் சொன்னான். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

மழை ரோட்டுப் பாட்டைப் போட்டேன். குரல் வந்ததும் துள்ளி எழுந்தான். “அலாமாக்! பொம்பளையா?” தலையில் கைவைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தான். மேடையில் அந்தப் பாட்டைத் தன் அடித்தொண்டையில் பாடியவன் அவன். “நான் ஒரு பொம்பளை மாதிரி பாடினேனா, இல்ல அந்தப் பொம்பளை என்னை மாதிரி பாடினாளா?” என்று என்னையே கேட்டான்.

அவன் அக்கா அதுவரை வாசல் தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு விசேஷங்களில் பந்துன் என்கிற மலாய்ப் பாட்டுப் பாடுவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டாவது தடவை போட்டபோது கூடவே முணுமுணுத்தாள். ஆங்கிலம் தெரியாது, சொற்களை அவள் கேட்டபடிக்கு உருட்டிப் பாடினாள். குரல் கனமாக, கெஞ்சாமல், சரியாக அந்தச் சுருதியில் நின்றது.

தம்பி நடையை நிறுத்தினான். அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கிட்டார் எடுக்க வீட்டுக்கு ஓடினான்.